ஐபிசி போய் பிஎன்எஸ் வந்தது எப்படி? என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 ஜூலைக்குப் பிறகு என் அலுவலகத் திண்ணையிலும் நீதிமன்ற வராந்தாவிலும் ஒரே சந்தேகங்கள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. சிலருக்குப் புதுப் பிரிவு எண் தெரிந்தால் போதும். சிலருக்கு "யாரைக் கேட்டு மாத்தினாங்க?" என்று கோபம். சட்டம் படிக்கும் பிள்ளைகளுக்கு நாடாளுமன்றக் குழு என்றால் என்னவென்று பரீட்சைக்குத் தெரிய வேண்டும். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்ட பேச்சிலேயே விட்டிருக்கிறேன். பின்னால் வரும் பதிலில் முன்னதைச் சுட்டிக்காட்ட வசதியாக எண் போட்டிருக்கிறேன்.

1. "வக்கீலம்மா, ஐபிசியே இப்போ இல்லையாமே?"

ஆமாம். 2024 ஜூலை 1 முதல் மூன்று பழைய சட்டங்களின் இடத்தில் மூன்று புதிய சட்டங்கள் வந்துவிட்டன. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா. குற்ற வழக்கை எப்படி நடத்துவது என்று சொல்லும் 1973ஆம் ஆண்டின் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்துக்குப் பதில் பாரதிய சாக்ஷிய அதினியம். வாயில் நுழையாததால் நாங்கள் பிஎன்எஸ், பிஎன்எஸ்எஸ், பிஎஸ்ஏ என்கிறோம்.

பழையது ஒரேயடியாகச் செத்துவிடவில்லை. 2024 ஜூன் 30 வரை நடந்த குற்றத்துக்கு இன்றைக்கும் ஐபிசிதான். குற்றம் நடந்த நாளில் எது சட்டமோ அதன்படிதான் தண்டிக்க முடியும். அரசியலமைப்பின் 20ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. ஆகவே இன்னும் பல வருடங்களுக்கு ஒரே நீதிமன்றத்தில் காலையில் ஐபிசி வழக்கும் மதியம் பிஎன்எஸ் வழக்கும் நடக்கும். மேசையில் இரண்டு புத்தகமும் இருக்கத்தான் வேண்டும்.

2. "அப்போ 302, 420 எல்லாம் என்ன நம்பர்?"

கொலைக்குத் தண்டனை சொன்ன 302 இப்போது 103. மோசடிக்கான 420 இப்போது 318(4). பாலியல் வன்கொடுமைக்கான 376 இப்போது 64. கூட்டம் கூடத் தடை போடும் 144, பிஎன்எஸ்எஸ்சில் 163 ஆகிவிட்டது. ஐபிசியில் 511 பிரிவுகள் இருந்தன. புதியது 358இல் முடிந்துவிடுகிறது. அதனால் 420 என்று ஒரு பிரிவே கிடையாது. "அவன் ஒரு ஃபோர் ட்வென்டி" என்று திட்டுவதற்குத் தடை இல்லை!

வாட்ஸ்அப்பில் வந்த பட்டியலில் கொலைக்கு 101 என்று இருந்ததே என்று கேட்பவர்கள் அடுத்த பதிலைப் பாருங்கள்.

3. "டெல்லியில கை தூக்கினா சட்டம் ஆயிடும், அவ்வளவுதானே?"

அவ்வளவுதான் என்று நினைப்பதால்தான் பாதிக் குழப்பம். ஒரு மசோதா முதலில் அவையில் அறிமுகமாகும். பிறகு நேராக விவாதத்துக்கு எடுக்கலாம், அல்லது ஒரு குழுவுக்கு அனுப்பலாம். விவாதம் முடிந்ததும் பிரிவு பிரிவாக வாக்கெடுப்பு. அப்புறம் அடுத்த அவையிலும் இதே கதை. பிறகு குடியரசுத் தலைவர் ஒப்புதல். அதற்கு மேல், எந்தத் தேதியில் அமலுக்கு வருகிறது என்ற அரசாணை.

இந்த மூன்று மசோதாக்களை உள்துறை அமைச்சர் அமித் ஷா 2023 ஆகஸ்ட் 11 அன்று மக்களவையில் அறிமுகம் செய்தார். அவை உள்துறை நிலைக்குழுவுக்குப் போயின. நவம்பர் 10 அன்று குழு தன் அறிக்கைகளைக் கொடுத்தது. டிசம்பர் 12 அன்று அரசு பழைய மசோதாக்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, திருத்திய மூன்றைப் புதிதாக அறிமுகம் செய்தது. டிசம்பர் 20 அன்று மக்களவையும் 21 அன்று மாநிலங்களவையும் நிறைவேற்றின. 25ஆம் தேதி ஒப்புதல்.

வாட்ஸ்அப் பட்டியல் ஏன் தப்பானது என்று இப்போது புரிந்திருக்கும். அது ஆகஸ்ட் மசோதாவின் எண்களை வைத்துப் போட்டது. அதில் கொலைக்கான பிரிவு 101. டிசம்பர் மசோதாவில் அது 103 ஆகிவிட்டது. அந்தப் பழைய பட்டியலை அட்டை போட்டு வைத்திருப்பவர்களை இன்னும் பார்க்கிறேன்.

4. "நிலைக்குழுன்னா என்ன மேடம்? எம்.பி.க்களே உட்கார்ந்து பாக்குறதா?"

ஆமாம். ஒவ்வொரு துறைத் தொகுப்புக்கும் ஒன்று என்று மொத்தம் 24 குழுக்கள். ஒவ்வொன்றிலும் 31 பேர்; மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. கட்சிகளின் பலத்துக்கு ஏற்ப இடம். அமைச்சர்கள் உறுப்பினராக முடியாது. 1993இல் தொடங்கிய ஏற்பாடு இது. நீதித்துறை சம்பந்தப்பட்டதைப் பார்ப்பது முக்கியமாக இரண்டு: காவல், குற்றவியல் சட்டம் என்றால் உள்துறைக் குழு, நீதிமன்றம், நீதிபதிகள் என்றால் சட்டம் மற்றும் நீதித்துறையையும் பார்க்கும் பணியாளர் நலக் குழு.

கூட்டம் மூடிய அறையில் நடக்கும், கேமரா கிடையாது, கட்சிக் கொறடா உத்தரவும் கிடையாது. அதனால்தான் டிவியில் சண்டை போடும் ஆட்கள் அங்கே ஒரு காற்புள்ளியைப் பற்றி ஒரு மணி நேரம் பேச முடிகிறது. துறைச் செயலாளரை வரவழைத்துக் கேள்வி கேட்பார்கள். வெளியிலிருந்து வல்லுநர்களையும் அழைப்பார்கள். என்னைக் கேட்டால், ஒரு மசோதாவை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை யாராவது படிக்கிறார்கள் என்றால் அது இந்த அறையில்தான்.

எல்லா மசோதாவும் இங்கே வருவதில்லை என்பதுதான் வருத்தம். பி.ஆர்.எஸ். என்ற ஆய்வு அமைப்பின் கணக்குப்படி 15ஆம் மக்களவைக் காலத்தில் நூற்றுக்கு 71 மசோதாக்கள் குழுவுக்குப் போயின. 17ஆம் மக்களவைக் காலத்தில் அது 16 ஆகக் குறைந்தது. அந்தப் பதினாறுக்குள் இந்த மூன்றும் அடக்கம். அந்த வகையில் இவை கொடுத்துவைத்தவை.

5. "அந்தக் குழு உண்மையிலேயே எதையாவது மாத்துச்சா, இல்ல சும்மா கையெழுத்தா?"

மாற்றியது. இந்தக் கேள்விக்குத்தான் எனக்கு விரிவாகப் பதில் சொல்லப் பிடிக்கும். அப்போது குழுவின் தலைவர் பிரிஜ் லால். உத்தரப் பிரதேசக் காவல் துறைத் தலைவராக இருந்தவர், ஆளுங்கட்சிக்காரர். அப்படியிருந்தும் குழு பல இடங்களில் அரசின் வாசகத்தில் கை வைத்தது.

கைவிலங்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் மசோதாவில், போலீஸ் யாருக்குக் கைவிலங்கு போடலாம் என்ற பட்டியலில் பொருளாதாரக் குற்றம் என்ற வார்த்தையும் இருந்தது. அது சின்ன மோசடியிலிருந்து பெரிய வங்கி மோசடி வரை எதையும் குறிக்கலாம், எடுத்துவிடுங்கள் என்றது குழு. எடுத்துவிட்டார்கள். இன்றைக்கு பிஎன்எஸ்எஸ் 43இல் அந்த வார்த்தை இல்லை. சீட்டுப் பணம் கொடுக்கல் வாங்கலில் மாட்டிய ஒருவர் தெருவில் விலங்கோடு நடக்காமல் இருப்பதற்கு அந்த ஒரு வரி காரணமாகலாம்.

இன்னொன்று, மனநிலை சம்பந்தப்பட்டது. என்ன செய்கிறோம் என்றே புரியாத நிலையில் ஒருவர் செய்தது குற்றமாகாது என்பது பழைய சட்டம். ஐபிசி அதைச் சித்த சுவாதீனம் இல்லாமை என்றது. ஆகஸ்ட் மசோதா அந்த இடங்களில் மனநோய் என்று நவீனமாக எழுதியது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஆபத்து. மனநோய் என்றால் பெரிய வட்டம். அதற்குள் யார் யாரோ நுழைந்து தப்பிக்கப் பார்ப்பார்கள் என்று குழு சொல்ல, பழைய சொல்லே திரும்பி வந்தது.

அப்புறம் சமூக சேவை. ஐயாயிரம் ரூபாய்க்குள் நடக்கும் முதல் திருட்டு, குடித்துவிட்டுப் பொது இடத்தில் ரகளை போன்ற சில குற்றங்களுக்குச் சிறைக்குப் பதிலாகச் சமூக சேவை என்பது புதிய சட்டத்தின் நல்ல அம்சம். ஆனால் சமூக சேவை என்றால் என்ன என்று மசோதாவில் எங்குமே எழுதவில்லை! குழு கேட்ட பிறகுதான் விளக்கம் சேர்ந்தது: சமூகத்துக்குப் பயன்படும், ஊதியம் இல்லாத வேலை.

6. "குழு சொல்லியும் அரசு கேக்கலேன்னா?"

ஒன்றும் செய்ய முடியாது. குழுவின் அறிக்கை ஆலோசனை மட்டுமே, கட்டுப்படுத்தாது. தகாத உறவுக்கான 497ஐ உச்ச நீதிமன்றம் 2018இல் ரத்து செய்திருந்தது. ஆண் பெண் இருவருக்கும் பொதுவாக்கி அதைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று குழு பரிந்துரைத்தது. அரசு ஏற்கவில்லை, ஏற்காததே நல்லது என்பது என் கருத்து.

ஆனால் இன்னொன்றை ஏற்காதது நல்லதில்லை. 377ஆம் பிரிவை 2018இல் உச்ச நீதிமன்றம் சுருக்கியபோது, சம்மதத்தோடு நடப்பது குற்றமல்ல என்றுதான் சொன்னது. சம்மதம் இல்லாமல் நடப்பதற்கு அந்தப் பிரிவு உயிரோடு இருந்தது. புதிய சட்டத்தில் அதற்குச் சமமான பிரிவே இல்லை. குழு இதைச் சுட்டிக்காட்டி, சேர்க்கச் சொன்னது. சேர்க்கவில்லை. ஒரு வளர்ந்த ஆணோ திருநங்கையோ பாலியல் வன்முறைக்கு ஆளானால், காயம், தாக்குதல் என்று வேறு பிரிவுகளைத் தேடிப் பிடித்துத்தான் புகார் எழுத வேண்டியிருக்கிறது.

குழுவுக்கு உள்ளேயே ஒத்துவராதவர்கள் மறுப்புக் குறிப்பு எழுதலாம். அது அறிக்கையோடு சேர்ந்தே அச்சாகும். ப. சிதம்பரம், டெரெக் ஓ பிரையன், தயாநிதி மாறன், என்.ஆர். இளங்கோ உள்ளிட்ட எதிர்க்கட்சியினர் எழுதினார்கள். முக்கால்வாசியும் பழைய சட்டத்தை எடுத்து ஒட்டியதுதானே, இதற்கு இவ்வளவு அவசரம் ஏன் என்பது அவற்றில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி. பத்தாண்டு கழித்து ஒரு பிரிவு நீதிமன்றத்தில் அடிவாங்கும்போது, "அன்றைக்கே சொன்னோமே" என்பதற்கு ஆதாரம் அந்தக் குறிப்புகள்தான்.

7. "கஸ்டடி 15 நாள்தானே? இப்போ 60 நாள், 90 நாள்னு பயமுறுத்துறாங்க"

போலீஸ் கஸ்டடி மொத்தமாக 15 நாள்தான், அதில் மாற்றமில்லை. முன்பு அதைக் கைதான முதல் 15 நாளுக்குள்ளேயே எடுத்துவிட வேண்டும். இப்போது, குற்றத்தின் கடுமையைப் பொறுத்து, முதல் 40 அல்லது 60 நாளுக்குள் அதைப் பிரித்துப் பிரித்தும் கேட்கலாம். ஜாமீன் கிடைக்கப்போகும் நேரத்தில் "இன்னும் ரெண்டு நாள் பாக்கி இருக்கு" என்று போலீஸ் வந்து நிற்கலாம் என்பதுதான் எங்கள் கவலை. இந்தப் பிரிவைத் தெளிவாக எழுதுங்கள் என்று குழுவும் சொன்னது. சட்டமாக வந்த வாசகம் இன்னும் வாதத்துக்கு இடம் வைத்திருக்கிறது. தினமும் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறோம்.

60, 90 என்பது வேறு கணக்கு. அதற்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் உங்கள் உரிமை. அது பழைய சட்டத்திலும் இருந்தது.

8. "இந்தியில ஏன் பேர் வச்சாங்க? நம்ம எம்.பி.ங்க கேக்கலையா?"

கேட்டார்கள். குழுக் கூட்டத்திலேயே தயாநிதி மாறன் ஆட்சேபித்தார். மத்திய சட்டங்களின் அதிகாரபூர்வ வாசகம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்பது அரசியலமைப்பின் 348ஆம் பிரிவு. சட்டத்தின் உள்ளடக்கம் ஆங்கிலத்தில் இருக்கிறது, பெயர் மட்டும்தானே இந்தி, ஆகவே மீறல் இல்லை என்று குழுவின் பெரும்பான்மை முடித்துவிட்டது. இது எனக்குச் சப்பைக்கட்டாகத்தான் தெரிகிறது. ஆங்கில எழுத்தில் எழுதியதாலேயே ஒரு பெயர் ஆங்கிலமாகிவிடாது.

9. "எதிர்க்கட்சியே உள்ள இல்லாதப்போ பாஸ் பண்ணினாங்களாமே, அந்தச் சட்டம் செல்லுமா?"

செல்லும். நடந்தது இதுதான். 2023 டிசம்பர் 13 அன்று பார்வையாளர் மாடத்திலிருந்து இருவர் மக்களவைக்குள் குதித்துப் புகைக் குப்பியைத் திறந்தார்கள். உள்துறை அமைச்சர் அவையில் விளக்கம் தர வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் முழக்கமிட்டன. அந்த அமளிக்காக இரண்டு அவைகளிலும் சேர்த்து 140க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். இந்த மூன்று மசோதாக்களும் அந்த வாரத்தில்தான் நிறைவேறின, குரல் வாக்கெடுப்பில்.

பத்தில் ஒரு பங்கு உறுப்பினர் இருந்தால் அவை நடக்கலாம். நடைமுறையில் குறை என்று சொல்லி நாடாளுமன்ற நடவடிக்கையை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது. 122ஆம் பிரிவு தடுக்கிறது. சட்டத்தின் உள்ளடக்கம் அடிப்படை உரிமைக்கு எதிரானது என்றால் அது வேறு விஷயம். அதற்கு நீதிமன்றக் கதவு திறந்தே இருக்கிறது. செல்லுமா என்பதற்குத்தான் பதில் சொன்னேன். நன்றாக இருந்ததா என்றால், காலி நாற்காலிகளைப் பார்த்து 150 வருடச் சட்டத்தை மாற்றியது அழகில்லை.

10. "லாரிக்காரங்க ஸ்ட்ரைக் பண்ணி ஒரு செக்‌ஷனையே நிறுத்திட்டாங்களே, அது எப்படி?"

பிஎன்எஸ் 106(2). விபத்தில் ஆளைக் கொன்றுவிட்டு, போலீசுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ சொல்லாமல் ஓடினால் 10 ஆண்டு வரை சிறை. நின்றால் ஊர்க்காரர்கள் அடிப்பார்கள், ஓடினால் பத்து வருடமா என்று 2024 ஜனவரி தொடக்கத்தில் லாரி ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்தினார்கள். பல மாநிலங்களில் பெட்ரோல் பங்க்குகளில் வரிசை. இரண்டே நாளில் அரசு பேச்சுவார்த்தைக்கு வந்தது.

3ஆம் பதிலில் அமலுக்கு வரும் தேதிக்குத் தனியாக அரசாணை என்று சொன்னேன் அல்லவா? பிரிவுக்குப் பிரிவு வெவ்வேறு தேதி குறிக்கவும் சட்டமே இடம் தருகிறது. அதன்படி 106(2)ஐ மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றுக்கு ஜூலை 1 என்று அறிவித்தார்கள். புத்தகத்தில் அச்சாகியிருந்தும் அந்தப் பிரிவு அன்றைக்கு உயிர்பெறவில்லை.

11. "நம்ம சட்டசபையில திருத்த முடியாதா?"

முடியும். குற்றவியல் சட்டம் பொதுப்பட்டியலில் இருக்கிறது. ஆனால் மத்திய சட்டத்தோடு மோதும் மாநிலத் திருத்தத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். அப்படிக் கிடைத்தால் அந்த மாநில எல்லைக்குள் திருத்தம்தான் செல்லும்.

தமிழ்நாடு அரசு 2024 ஜூலையில் ஓய்வுபெற்ற நீதிபதி எம். சத்தியநாராயணன் தலைமையில் ஒருநபர் குழு அமைத்து, இந்தச் சட்டங்களில் மாநிலம் என்ன திருத்தலாம் என்று பார்க்கச் சொன்னது. 2025 ஜனவரியில், பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டும் திருத்த மசோதாக்களைச் சட்டமன்றம் நிறைவேற்றியது.

12. "சட்டம் மாறி என்ன பிரயோஜனம்? என் கேஸ் 12 வருஷமா வாய்தாவுலயே இருக்கு"

நியாயமான கோபம். நாடு முழுக்க 5 கோடிக்கும் மேல் வழக்குகள் நிலுவையில். பிஎன்எஸ்எஸ் சில கெடுக்களை வைத்திருக்கிறது. உதாரணமாக, அமர்வு நீதிமன்றத்தில் வாதம் முடிந்து 30 நாளில் தீர்ப்பு, காரணம் எழுதினால் 45 நாள். வாய்தாவுக்கும் வரம்பு உண்டு. ஆனால் தீர்ப்பு எழுத ஆள் இல்லாத இடத்தில் கெடு வைத்து என்ன செய்வது?

"நாடாளுமன்றம் ஏன் ஜட்ஜ் போடல?" என்று அடுத்த கேள்வி வரும். உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் எண்ணிக்கையை மட்டும்தான் நாடாளுமன்றம் சட்டமாக முடிவு செய்கிறது; 1950இல் 8, 2019இல் 34 ஆனது. உயர் நீதிமன்ற எண்ணிக்கை குடியரசுத் தலைவர் கையில், அதாவது மத்திய அரசின் கையில். உங்கள் முன்சீஃப் கோர்ட் நாற்காலி காலியாக இருந்தால் அது மாநில அரசும் உயர் நீதிமன்றமும் பார்க்க வேண்டியது.

நாடாளுமன்றக் குழு இதைப் பார்க்காமல் இல்லை. 4ஆம் பதிலில் சொன்ன இரண்டாவது குழு, சுஷில் குமார் மோடி தலைமையில் 2023 ஆகஸ்டில் நீதித்துறைச் சீர்திருத்தம் பற்றித் தனி அறிக்கையே கொடுத்தது. உச்ச நீதிமன்றத்துக்கு மண்டலக் கிளைகள், நீதிபதிகளின் ஓய்வு வயதைக் கூட்டுவது, விடுமுறையை மாற்றியமைப்பது, சொத்துக் கணக்கை வெளியிடுவது, எல்லாச் சமூகத்தவருக்கும் நீதிபதிப் பதவியில் இடம் என்று அதில் நிறைய உண்டு. சென்னையில் உச்ச நீதிமன்றக் கிளை வேண்டும் என்பது நம் ஊர் வக்கீல்களின் பழைய கோரிக்கை. 130ஆம் பிரிவின்படி டெல்லிக்கு வெளியே அமர்வு வைக்கத் தலைமை நீதிபதி மனது வைக்க வேண்டும். குடியரசுத் தலைவர் ஒப்புதலும் வேண்டும். 2004இல் மதுரைக் கிளை வந்தபோது நாகர்கோவில்காரர்களுக்குக் கிடைத்த நிம்மதியைப் பார்த்தவர்களுக்கு, இந்தக் கோரிக்கையை விளக்க வேண்டியதில்லை.

13. "ஒரு ஜட்ஜ் தப்பு பண்ணினா நாடாளுமன்றத்துல பேசலாமா?"

சும்மா பேசக் கூடாது. 121ஆம் பிரிவு தடுக்கிறது. பதவி நீக்கத் தீர்மானம் வந்தால் மட்டும் பேசலாம். அதற்கு மக்களவையில் 100 பேர் அல்லது மாநிலங்களவையில் 50 பேர் கையெழுத்து. பிறகு மூன்று பேர் விசாரணைக் குழு. அது குற்றம் உண்டு என்றால்தான் வாக்கெடுப்பு. வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு, அதோடு மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேல்.

இது எவ்வளவு கடினம் என்பதற்கு 1993 மே மாதத்தைச் சொல்வேன். உச்ச நீதிமன்ற நீதிபதி வி. ராமசாமி, முன்பு சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்தவர். பஞ்சாப் ஹரியானா தலைமை நீதிபதியாக இருந்தபோது செய்த செலவுகள் பற்றிக் குற்றச்சாட்டு. விசாரணைக் குழு பலவற்றை உறுதி செய்தது. மக்களவையில் அவருக்காக வாதாடியவர் கபில் சிபல். வாக்கெடுப்பில் தீர்மானத்துக்கு ஆதரவு 196, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. ஆனால் ஆளுங்கட்சியான காங்கிரஸ் உள்ளிட்ட 205 பேர் வாக்களிக்கவில்லை. தீர்மானம் விழுந்தது.

14. "மக்கள் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றம் ஒண்ணு சொன்னா கோர்ட்டு எப்படி அடிக்க முடியும்?"

அடித்திருக்கிறது. நீதிபதிகளை நீதிபதிகளே தேர்ந்தெடுக்கும் கொலீஜியம் முறையை மாற்ற, 2014 ஆகஸ்டில் 99ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேறியது. மக்களவையில் எதிர்த்து ஒரு வாக்கு இல்லை. புதிய நியமன ஆணையத்தில் சட்ட அமைச்சருக்கும் இடம். 2015 அக்டோபர் 16 அன்று உச்ச நீதிமன்றம் 4க்கு 1 என்ற கணக்கில் அதை ரத்து செய்தது. நீதித்துறைச் சுதந்திரம் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பு, அதைத் தொட முடியாது என்று. மாறுபட்ட ஒரே நீதிபதி செலமேஸ்வர்.

ஆகவே 9ஆம் பதிலையும் இதையும் சேர்த்துப் படியுங்கள். சட்டத்தை எப்படி நிறைவேற்றினார்கள் என்பதில் நீதிமன்றம் தலையிடாது. எதை நிறைவேற்றினார்கள் என்பதில் தலையிடும்.

15. "நான் சாதாரண ஆள். அந்தக் குழுவுக்கு நான் எழுதலாமா?"

எழுதலாம். முக்கியமான மசோதா வரும்போது குழுக்கள் கருத்துக் கேட்டு விளம்பரம் கொடுப்பதுண்டு. நாடாளுமன்ற இணையதளத்தில் அந்தந்தக் குழுவின் பக்கத்தில் அறிக்கைகளும் கிடைக்கும். ஆங்கிலம், இந்தி மட்டும்தான், தமிழில் இல்லை. மனுவைக் கொடுத்த பிறகு அது குழுவின் ஆவணம்; முகநூலில் போடக் கூடாது.

"சட்டம் சரியில்லை" என்று பத்துப் பக்கம் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். எந்தப் பிரிவு, அதில் எந்த வார்த்தை, அதனால் யாருக்கு என்ன ஆகும், பதிலாக என்ன எழுதலாம் என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். 5ஆம் பதிலில் வரும் கைவிலங்கு மாறியது இரண்டு வார்த்தைகளால்.

உங்கள் சொந்த வழக்கைப் பற்றி எழுதாதீர்கள். நீதிமன்றத்தில் இருக்கும் விஷயத்தை அவர்கள் தொட மாட்டார்கள். இதைச் சொன்ன பிறகும் ஒரு பெரியவர் தன் பங்காளித் தகராறு நிலத்தின் பட்டா நகலோடு வந்து, "டெல்லிக்கு அனுப்பிடும்மா" என்றார். அதை வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த வாய்தா தேதியை அவர் டைரியில் எழுதிக் கொடுத்தேன்.